வாங்கியது, படிப்பது, காத்திருப்பது: கடலூர், புதுவைப் புது வாசகர்களுக்கு

படிக்கும் பழக்கம் புதிதாகத் தொற்றிக்கொண்டவர்களுக்கு முதல் வருஷம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. புத்தகக் கண்காட்சிக்குப் போவார்கள், இரண்டு பை நிறைய அள்ளி வருவார்கள், அதில் நாலைந்தைப் படிப்பார்கள். மீதி அலமாரியில் நின்றுகொண்டு முறைக்கும். அடுத்த கண்காட்சி வரும்போது வீட்டில் உள்ளவர்களும் சேர்ந்து முறைப்பார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. வாங்குவது ஒரு வேலை, படிப்பது வேறொரு வேலை, வரப்போகிற புத்தகத்துக்குக் காத்திருப்பது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற வினை இது. மூன்றையும் பிரித்துக்கொண்டால் பணமும் மிஞ்சும், படிப்பும் நடக்கும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருக்கிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். சென்னைவாசிக்கு நினைத்த நாளில் பதிப்பகத்துக்கே போய் வாங்கிவர முடியும். நமக்கு வருஷத்தில் மூன்று, நான்கு தடவைதான் பெரிய வாய்ப்பு. அதனால் நம்முடைய திட்டம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்க வேண்டும்.

முதலில் ஒரு நோட்டு

கைபேசிச் செயலி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு சாதாரண எண்பது பக்க நோட்டு போதும். அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி வரவு: வீட்டுக்கு வந்த புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், எத்தனையாவது பதிப்பு, விலை, வாங்கிய இடம். இரண்டாம் பகுதி இப்போது படிக்கிறவை. மூன்றாம் பகுதி இன்னும் வராதவை, வந்தால் வாங்க வேண்டியவை.

வரவுப் பக்கத்தில் கடைசியாக ஒரு கட்டம் போட்டு ‘ஏன்?’ என்று தலைப்பு வையுங்கள். ‘பள்ளிக்கூட நண்பன் சொன்னான்’, ‘இதே ஆசிரியரின் சிறுகதை பிடித்தது’, ‘அட்டை நன்றாக இருந்தது’, ‘பாதி விலைக்குக் கிடைத்தது’ என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஒரு வருஷம் கழித்து எந்தக் காரணத்துக்காக வாங்கியதெல்லாம் படிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதி விலைப் புத்தகங்கள் அப்படியே இருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் பந்தயம் கட்டத் தயார்.

இன்னொன்று, அலமாரியைத் தட்டுவாரியாகக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருப்பதையே மறுபடியும் வாங்குவது தமிழில் ரொம்ப சுலபம். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் ஒரே கதைகள் வெவ்வேறு தலைப்பில், வெவ்வேறு அட்டையில் சுற்றிக்கொண்டிருக்கும். பொருளடக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது

‘படிக்க வேண்டிய நூறு நாவல்கள்’ மாதிரிப் பட்டியல்களைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். நம் ஊர்க்காரர்களிடமிருந்து தொடங்குங்கள். ஊர்ப்பாசத்துக்காகச் சொல்லவில்லை. தெரிந்த தெருவும் தெரிந்த பேச்சும் வருகிற புத்தகத்தில் புது வாசகர் தடுக்கி விழுவது குறைவு. அதோடு, இந்தப் பக்கத்துக்கு அமைந்த வரிசை எந்த ஊருக்கும் லேசில் அமையாது.

புதுமைப்பித்தனைத் திருநெல்வேலிக்காரர்கள் விட்டுத்தர மாட்டார்கள், நியாயம்தான். ஆனால் 1906இல் அவர் பிறந்தது நம் திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். இரண்டு இடத்துக்கும் நடுவே கெடிலம் ஓடுகிறது, அவ்வளவுதான் தூரம். தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய பெயர்கள் ஒரே ஊரின் இரண்டு பேட்டைகளில் பிறந்திருக்கிறார்கள்.

புதுமைப்பித்தனில் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ முதலில் படியுங்கள். சிரித்துக்கொண்டே படிக்கலாம். அப்புறம் ‘சாப விமோசனம்’. அகலிகை கதை தெரிந்தவர்களுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும். மற்ற கதைகளை வரிசையாகப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தப் பதிப்பு வாங்குவது என்று கேட்டால், ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் காலச்சுவடு வெளியிட்ட முழுத் தொகுப்பைச் சொல்வேன். ஒவ்வொரு கதையும் எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது என்ற விவரம் அதில் இருக்கிறது. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அது இருக்காது, அச்சுப் பிழைதான் இருக்கும்.

ஜெயகாந்தனுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். முதலில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை. 1966இல் ஆனந்த விகடனில் வந்து ஊரையே இரண்டாக்கிய கதை. மழையில் ஒருவனின் காரில் ஏறிவிட்டு வீடு திரும்பும் பெண்ணை அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். அதைப் படித்து ஒரு வாரம் ஆன பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எடுங்கள். அதே பெண், அதே மழை, ஆனால் விஷயம் வெளியே தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவரே மாற்றி எழுதிப் பார்த்தது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். மூன்றாவதாக ‘கங்கை எங்கே போகிறாள்’. இந்த வரிசையில் படித்தால், ஒரு எழுத்தாளர் தன் முடிவோடு தானே எப்படிச் சண்டை போடுகிறார் என்பது தெரியும்.

மாவட்டத்தின் மேற்குப் பக்கம் போனால் பேச்சு மாறிவிடுகிறது. விருத்தாசலத்தைச் சுற்றிய மண்ணை இமையமும் கண்மணி குணசேகரனும் எழுதியிருக்கிறார்கள். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. ஆரோக்கியம் என்கிற வண்ணாரப் பெண்ணின் கதை. ‘செல்லாத பணம்’ நாவலுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’ முந்திரிக்காட்டுச் சனங்களின் நாவல். பேச்சுவழக்கு முதல் பத்துப் பக்கம் தடுக்கும். வாய்விட்டுப் படியுங்கள், தானாக வழிவிடும். அவரே ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ ஒன்றும் தொகுத்திருக்கிறார். அதை நாவலுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், தனியாகவும் புரட்டலாம். நான் இரண்டாவது வகை.

புதுவைப் பக்கம் வந்தால் பாரதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1908இலிருந்து 1918வரை அவர் இருந்தது இங்கேதான். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் மூன்றும் அந்தப் புதுவை வருஷங்களில் பிறந்தவை. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில்தான் சில வாரம் வைத்திருந்தார்கள். பாடல்கள் எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும் என்பதால், புது வாசகர்கள் அவருடைய கட்டுரைகளிலிருந்தும் சின்னக் கதைகளிலிருந்தும் தொடங்கலாம். உரைநடையில் வேறொரு பாரதி, நையாண்டிக்காரர், கிடைப்பார்.

பிரபஞ்சன் புதுவையில் பிறந்து வளர்ந்தவர். ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி. இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது. இந்த நாவல்களுக்கு அடியில் இருப்பது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சு குவர்னர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த பிள்ளை 1736 முதல் 1761இல் இறக்கும்வரை எழுதிவைத்தது. கப்பல் வந்தது, குவர்னர் கோபித்துக்கொண்டது, யார் யாருக்கு எவ்வளவு வெகுமானம் கொடுத்தார்கள் எல்லாம் அதில் உண்டு. இன்றும் அவர் பெயரில் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. நாட்குறிப்பு தமிழில் 12 தொகுதிகளாக அகநி வெளியீட்டில் வந்திருக்கிறது. ஆசைப்பட்டு முழு செட்டையும் முதல் வருஷமே வாங்காதீர்கள். பிரபஞ்சனின் இரண்டு நாவலையும் முடியுங்கள். பிறகு நூலகத்தில் ஒரு தொகுதியை எடுத்து, நாவலில் வந்த ஒரு சம்பவத்தைத் தேடிப் பாருங்கள். பிடித்தால் செட்டுக்குக் காசு சேர்க்கலாம்.

கி. ராஜநாராயணன் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர். ஆனால் கடைசிவரை இருந்தது புதுச்சேரியில், 2021 மே மாதம் மறைந்ததும் இங்கேதான். அவரையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை.

எப்போது வாங்குவது

நம் பக்கத்து வாசகருக்கு வருஷம் ஜூலையில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம் வாக்கில் நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் புத்தகக் கண்காட்சி நடத்தும். டிசம்பர் வாக்கில் புதுச்சேரியில் ஒன்று. ஜனவரியில், பொங்கலை ஒட்டி, பதிப்பாளர்கள், விற்பனையாளர்கள் சங்கமான பபாசியின் சென்னைப் புத்தகக் காட்சி. இதற்கிடையில் தமிழக அரசு மாவட்டந்தோறும் நடத்துகிற புத்தகத் திருவிழாவும் உண்டு, அதன் தேதி மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும். எதற்கும் செய்தித்தாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் வாங்காதீர்கள் என்பதுதான் இதில் விஷயம். தமிழில் புதுப் புத்தகங்கள் பெரும்பகுதி ஜனவரியைக் குறிவைத்தே அச்சாகின்றன. ஜனவரியில் ஆகா ஓகோ என்று பேசப்பட்ட புத்தகத்தைப் பற்றி ஜூலைக்குள் நாலு பேர் படித்துவிட்டு எழுதியிருப்பார்கள், சத்தம் அடங்கியிருக்கும். ஆறு மாதம் கழித்தும் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அதை நெய்வேலியில் வாங்குங்கள். கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாகப் போனால் அரை நாளில் போய்த் திரும்பலாம். கூட்டமும் சென்னை மாதிரி நெரியாது, கடைக்காரரோடு நின்று பேச முடியும்.

புதுவையின் டிசம்பர்க் கண்காட்சிக்கு ஜனவரிப் புத்தகங்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்திருக்காது. குறையாக நினைக்க வேண்டாம். பழைய நல்ல புத்தகங்கள், அகராதி, உரைநூல்கள் வாங்க இதுதான் சரியான இடம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இல்லாத வீடென்றால் அதை வாங்கிவிடுங்கள், 2020இல் வந்த மூன்றாம் பதிப்பாகப் பார்த்து. அப்படியே எல்லாக் கடையிலும் விலைப்பட்டியல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போவதற்கு முன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சென்னைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். வார நாளாகப் பார்த்துக் காலையிலேயே கிளம்புங்கள். நோட்டின் மூன்றாம் பகுதியில் எழுதியதை மட்டும் முதல் சுற்றில் வாங்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சும்மா சுற்றுங்கள். ஆசையில் வாங்குவதற்கென்று மொத்தப் பணத்தில் கால் பங்கை ஒதுக்கிவைப்பது நல்லது. அதை அடக்கிவைத்தால் வேறெங்காவது பீறிட்டுக் கிளம்பும்.

பணக் கணக்கு எளிது. இன்றைய தமிழ்ப் புத்தகத்துக்குப் பக்கத்துக்கு ஒரு ரூபாய்க்கு மேல் என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். கண்காட்சியில் பத்து சதவீதம் கழியும். மாதம் இத்தனை பக்கம் படிக்கிறேன் என்று தெரிந்தால், வருஷத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்பது தானே தெரிந்துவிடும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

கடையில் நிற்கும்போது பின்னட்டையைப் படிப்பதில் நேரம் போக்காதீர்கள். அதில் எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகம்தான். தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். முதல் பதிப்பு எப்போது, இது மறுஅச்சா, திருத்திய பதிப்பா என்று அங்கே இருக்கும். மொழிபெயர்ப்பு என்றால் மூலமொழியிலிருந்தா, ஆங்கிலம் வழியாகவா என்று பாருங்கள். அதைச் சொல்லாத புத்தகத்தைக் கொஞ்சம் சந்தேகப்படலாம். விலை அச்சான இடத்தின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், பழைய இருப்பு என்று அர்த்தம். தாளும் பழுப்பேறியிருக்கும்.

அடுத்து ஃபாரம் சோதனை. சாதாரண டெம்மி அளவுப் புத்தகம் பதினாறு பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாகிச் சேர்க்கப்படுகிறது. பைண்டிங்கில் ஒரு ஃபாரம் விட்டுப்போனால் 64ஆம் பக்கத்துக்கு அடுத்து 81 வந்து நிற்கும். இரட்டித்துவிட்டால் 65 முதல் 80வரை இரண்டு தடவை வரும். வீட்டுக்குப் போய், கதை சூடு பிடிக்கிற இடத்தில் இதைக் கண்டுபிடிப்பது போலக் கொடுமை வேறில்லை. அதனால் 16, 32, 48, 64 என்று அந்த இடங்களில் மட்டும் விரலை ஓட்டினால் போதும், ஒரு நிமிஷ வேலை. பிறகு புத்தகத்தை நடுவில் நன்றாக விரித்து முதுகைப் பாருங்கள். வெறும் பசையில் ஒட்டியது என்றால் பசை விரிசல் விடும் சத்தம் சில சமயம் கேட்கும். இருநூறு பக்கப் புத்தகத்துக்குப் பரவாயில்லை. அறுநூறு பக்கத்துக்கு மேல் போனால் தையல் போட்ட கெட்டி அட்டைப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். “அண்ணே, இந்தத் தொகுப்புல எல்லாக் கதையும் இருக்கா?” என்றால், “இது தேர்ந்தெடுத்தது சார், முழுசு அந்தப் பக்கம் இருக்கு” என்று எடுத்துத் தருவார்கள். பத்து நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறவர்களுக்குப் புத்தகத்தைப் பற்றி ஒருவர் கேட்டால் சந்தோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி

புதுவைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் யோகம் சண்டே மார்க்கெட். காந்தி வீதியில் சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் சாமானுக்கு நடுவே பழைய புத்தகங்களும் தரையில் விரித்திருக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள்.

பெரும்பாலும் போட்டித் தேர்வு கைடுகளும் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களும்தான். நீங்கள் தேட வேண்டியது அவற்றுக்கு அடியில் இருக்கும். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ முதுகு போட்டு பைண்டு செய்து வைத்திருந்த தலைமுறை ஒன்று இருந்தது. அந்த வீடுகள் காலியாகும்போது அந்த பைண்டுகள் தெருவுக்கு வருகின்றன. முதல் பக்கத்தில் மையில் எழுதிய பெயர், அதற்குக் கீழே வளைவான கையெழுத்து. அத்தியாயம் முடிகிற பக்கத்தில் பாதி பல்பொடி விளம்பரம், ஓரத்தில் ஒரு துணுக்கு. கோபுலு மாதிரியானவர்களின் ஓவியம் முழுப் பக்கத்துக்கு நிற்கும். நாவல் தனிப் புத்தகமாக வரும்போது இந்த ஓவியங்கள் பெரும்பாலும் காணாமல் போய்விடுகின்றன. அதனால் நாவல் ஏற்கெனவே வீட்டில் இருந்தாலும் இதை வாங்கலாம் என்பது என் கட்சி. ஆனால் அத்தியாய எண்களை வரிசையாகப் பாருங்கள். எந்த வீட்டிலும் ஒரு வாரம் பத்திரிகைக்காரன் வராமல் இருந்திருப்பான்.

வாங்கியதை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். தட்டி, ஒரு நாள் நிழலில் விரித்து வைத்து, தாளில் ஊசித் துளை மாதிரி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே. இராமபாணப் பூச்சியை நாமே கூட்டிவந்து குடிவைக்கக் கூடாது.

வாங்காமல் படிப்பது

இது சின்ன விஷயம், ஆனால் விட்டுவிடாதீர்கள். புதுவையில் பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, 1827இல் தொடங்கியது. கடலூரில் மாவட்ட மைய நூலகம். இரண்டும் இரண்டு அரசாங்கத்தின் கீழ் வருவதால் உறுப்பினராவதற்கான விதிகளும் தனித்தனி. முகவரிச் சான்றோடு போய்க் கேளுங்கள். பழைய எழுத்துகளுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன, இரண்டும் இலவசம். நாட்டுடைமை எழுத்தாளர் யாரையாவது வாங்குவதற்கு முன்னால் முப்பது பக்கம் அங்கே படித்துப் பாருங்கள். பிடித்தால் அச்சில் வாங்கலாம்.

படிப்புத் திட்டம்

வருஷத் திட்டம் போடாதீர்கள். ‘இந்த ஆண்டு ஐம்பது புத்தகம்’ என்று தொடங்குகிறவர்கள் நூறு பக்கப் புத்தகமாகப் பொறுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு மட்டும் திட்டம் போதும்.

முதலில் உங்கள் வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம், பழக்கமான ஒரு நாவலில் எத்தனை பக்கம் போகிறது என்று எண்ணுங்கள். பதினைந்தும் சரிதான், முப்பதும் சரிதான். கடலூர், புதுவை இரண்டுக்கும் நடுவே வேலைக்குப் போய் வருகிறவர்களுக்குப் பேருந்திலேயே போக ஒரு மணி, வர ஒரு மணி கொஞ்சம் முன்னே பின்னே கிடைக்கிறது. உட்கார இடம் கிடைக்கிற நாளை மட்டும் கணக்கில் எடுத்தாலும் மாதம் இரண்டு நாவல் தேறும். ரெட்டிச்சாவடி தாண்டியதும் தூங்கிவிடுகிற ஆளாக இருந்தால் காலைப் பயணத்தை மட்டும் கணக்கில் வையுங்கள்.

ஒரே சமயத்தில் மூன்று புத்தகம் ஓடட்டும். பேருந்துக்கு மெல்லிய நாவல் ஒன்று, வீட்டில் படுப்பதற்கு முன் சிறுகதைத் தொகுப்பு, ஞாயிற்றுக்கிழமைக்குக் கனமான ஒன்று. சிறுகதைத் தொகுப்பை ஒரே மூச்சில் படித்தால் ஆறாவது கதையில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரு இரவுக்கு ஒரு கதை போதும். கனமான புத்தகத்துக்கு நடுவில் ஒரு துண்டுத்தாள் வைத்து, பாத்திரங்கள் வர வர பெயரையும் உறவையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இவர் யார், அவளுக்கு மாமனாரா, கொழுந்தனா?’ என்று பின்னால் புரட்டுவதுதான் பெரிய நாவல்களைப் பாதியில் கைவிட முக்கியமான காரணம்.

பல தொகுதி நாவல் வரிசைகளுக்கு என் விதி ஒன்றுதான். முதல் தொகுதியை முடித்த அன்றுதான் இரண்டாவதை வாங்க வேண்டும். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 26 நாவல்கள். ஆர்வத்தில் மொத்தமாக வாங்கி வைத்தால் அலமாரியில் ஒரு தட்டும், மனதில் ஒரு பாரமும் சேரும்.

மழைக்காலத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர்வரை நம் கரையில் படிக்கவும் நேரம் கிடைக்கும், புத்தகத்துக்கு ஆபத்தும் அப்போதுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலாவது இருக்கட்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் சுவர் ஓதம் அப்படியே அட்டைக்கு ஏறும். தட்டுக்கு இரண்டு வசம்புத் துண்டு. ஈரமான புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்து முதுகு பிய்ந்துவிடும். அச்சில்லாத வெள்ளைத் தாளைப் பக்கங்களுக்கு இடையே வைத்து மாற்றிக்கொண்டே ஃபேன் காற்றில் நிறுத்தி உலர்த்துங்கள். பாதி காய்ந்ததும் மேலே பளு வைக்கலாம்.

வரப்போகிற புத்தகங்கள்

நோட்டின் மூன்றாம் பகுதி நவம்பரில் நிறைய ஆரம்பிக்கும். பதிப்பகங்கள் ஜனவரி வெளியீடுகளை அப்போதிலிருந்துதான் அறிவிக்கின்றன. இலக்கிய இதழ்களின் உள்ளட்டை விளம்பரங்களையும், பதிப்பகங்களின் முகநூல் பக்கங்களையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரோடு, அறிவிப்பு வந்த மாதத்தையும் எழுதுங்கள். அறிவித்த ஜனவரியில் எல்லாம் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அட்டைப்படம் வெளியாகி இரண்டு வருஷம் ஆகியும் வராத புத்தகங்கள் உண்டு.

முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் கட்டுவது பெரிய தொகுப்புகளுக்கு லாபம்தான், நல்ல தள்ளுபடி கிடைக்கும். தொகுப்பு அச்சுக்குப் போய்விட்டதா, எந்த மாதம் அனுப்புவார்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ரசீதை நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். நாவல் மாதிரி ஒற்றைப் புத்தகத்துக்கு முன்பதிவு தேவையே இல்லை, ஒரு மாதம் பொறுத்தால் யாராவது படித்துவிட்டுச் சொல்வார்கள்.

சாகித்திய அகாதெமி விருது பெரும்பாலும் டிசம்பரில் அறிவிப்பார்கள். அறிவித்த வாரம் அந்தப் புத்தகத்தைத் தேடி ஓடாதீர்கள். கடைகளில் தீர்ந்துபோயிருக்கும், மறுஅச்சு ஜனவரிக் காட்சிக்குள் வந்துவிடும். அதற்குள் அதே ஆசிரியரின் வேறொரு புத்தகத்தை நூலகத்தில் எடுத்துப் படித்து வைக்கலாம்.

சென்னைக்குப் போக முடியாதவர்கள் தபாலில் வரவழைக்கலாம். புத்தகத்துக்கென்று மலிவாக இருந்த பதிவு புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 மே மாதத்திலிருந்து ஞான் போஸ்ட் என்ற சேவை வந்திருக்கிறது, 300 கிராம்வரை 20 ரூபாய், 5 கிலோவரை 100 ரூபாய், வரி தனி. கூரியரைவிட மெதுவாக வரும். பதிப்பகத்திடம் இதில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள், நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே கட்டாக வரவழைத்தால் தபால் செலவு ஆளுக்குக் கொஞ்சமாகிவிடும். பிளாஸ்டிக் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள், குறிப்பாக மழை நாளில்.

ஜனவரிக் காட்சி முடிந்ததும் மூன்றாம் பகுதியை எடுத்து, வந்ததை அடித்துவிட்டு வரவுப் பக்கத்துக்கு மாற்றுங்கள். வராததற்குப் பக்கத்தில் ‘ஜூலை’ என்று எழுதிவையுங்கள், நெய்வேலியில் அந்தப் பதிப்பகத்தின் கடையில் கேட்கலாம். இரண்டு ஜூலை தாண்டியும் வராவிட்டால் பேனாவால் அடித்துவிடலாம்.